சைனப் பெயரில் ஒன்பது நாள்

காலை பத்து மணிக்கே ஆறுமுகத்தாய்க்கு இடுப்பு விட்டுப் போயிற்று. மெஷினுக்குள் தலையை நுழைத்து நனைந்த பெட்ஷீட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதுகெலும்பின் அடியில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகியதுபோல் சுள்ளென்று பிடித்தது. அப்படியே மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ந்த ஷீட்டு ஒன்றைக் குழந்தைகூடத் தூக்கும். முப்பது ஷீட்டு நனைந்து ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தால், அது ஒரு ஆளின் கனம். காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் அப்படிப் பதினெட்டு ஆளை இழுத்துப் போட வேண்டும்.

"என்னக்கா, பிடிச்சிக்கிடுச்சா?" என்று ரோலர் மெஷின் பக்கமிருந்து சைனப் கேட்டாள்.

"வழக்கம்போலத்தான். நீ உன் கையைப் பாரு. ரோலருக்குள்ள விட்டுறாத."

"இன்னும் ரெண்டு வாரந்தானக்கா. நீ பெர்மனென்டு ஆயிட்டன்னா லைட் டூட்டி கேட்டு வாங்கிரு. மடிப்பு மேசைல மகாராணி மாதிரி உக்காந்துக்கோ. நாங்க வந்து சலாம் போடுதோம்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஆறுமுகத்தாயும் சிரித்தாள். வலி விடவில்லை.

செம்பூரில் அந்த ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது லாண்டரி. பதினாறு பெண்கள். பதினாறு பேரும் ஏஜென்சி ஆட்கள். ஆறுமுகத்தாய் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் காகிதத்தில் அவள் பதினோரு மாதத்துக்கு மேல் எப்போதும் வேலை செய்ததில்லை. பதினோரு மாதம் முடிந்ததும் ஏஜென்சிக்காரன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வான். ஒரு மாதம் பிரேக். அந்த மாதம் சம்பளம் கிடையாது. பிறகு புது கார்டு, புது நம்பர், புதிதாகச் சேர்ந்த தேதி. இப்போது அவள் கழுத்தில் தொங்குவது பதினோராவது கார்டு. பத்து தடவை வேலையை விட்டவள், பதினோரு தடவை வேலைக்குச் சேர்ந்தவள். இத்தனைக்கும் அவள் ஒருநாளும் தானாக வேலையை விட்டதில்லை.

போன மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். லாண்டரியில் ஒரே ஒருவரை ஆஸ்பத்திரியே நேரடியாகப் பெர்மனென்டாக எடுத்துக்கொள்ளும். கடந்த மூன்று வருஷங்களில், ஒவ்வொரு வருஷமும் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும். அப்படி ஒருவருக்கு மேல் இருந்தால் வயதில் மூத்தவருக்கு. வயது நாற்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. பிரேக்கையெல்லாம் கணக்கில் பார்க்க மாட்டார்களாம், நாளைத்தான் எண்ணுவார்களாம். யாரோ ஒரு ட்ரஸ்டிக்கு திடீரென்று நல்ல புத்தி வந்திருக்கிறது என்றார்கள். லேபர் ஆபீஸில் ஏதோ கேஸ் நடக்கிறது, அந்தப் பயம் என்றும் சொன்னார்கள்.

ஆறுமுகத்தாய்க்கு நாற்பத்தேழு. அடுத்த தடவை என்று ஒன்று வந்தாலும் அது அவளுக்கு இல்லை. புருஷன் கணேசபாண்டியன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் கல்யாணில் மூன்று பிள்ளைகளோடு அவள் பாட்டைப் பார்க்கிறாள். தாராவியில் ஒரு கோலி, ஒற்றை அறை வீடு, வாடகைக்கு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், கனம் தூக்குவதை நிறுத்தாவிட்டால் இரண்டு வருஷத்தில் கால் மரத்துப்போகும், ஆபரேஷன்தான் என்றார். பெர்மனென்ட் ஆட்களுக்கு அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். ஏஜென்சி ஆட்களுக்கு வாசலில் இருக்கும் செக்யூரிட்டியின் சலாம்கூட இலவசம் கிடையாது. பதினோரு வருஷமாக அந்தக் கட்டில்களின் விரிப்பைத் துவைத்தவள், அதில் ஒருநாள் படுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஏஜென்சி சூப்பர்வைசர் மகேஷ்குமார் படியில் பாதி இறங்கி நின்று கத்தினான். "மவுஷி! மேடம் புலா ரஹீ ஹை. ஊப்பர், ஆபீஸ்மே."

மேலே ஆபீஸில் மேடம் கூப்பிடுகிறாளாம். பெண்கள் கை தட்டினார்கள். சைனப் ரோலரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஆறுமுகத்தாயின் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "இப்படியேவா போவ? முகத்தைக் கழுவிட்டுப் போக்கா."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் போனாள்.

ஆபீஸில் இருந்தது வந்தனா மேடம். மாட்டுங்காக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். லாண்டரி ஆட்களிடம் தமிழில் பேசுகிற ஒரே ஆபீஸர்.

"வாங்கோ ஆறுமுகத்தாய், உக்காருங்கோ."

"நிக்கேன் மேடம். உக்காந்தா எந்திரிக்கக் கஷ்டம்."

வந்தனா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "லிஸ்ட் ரெடியாயிடுத்து. கீழே ஒட்டறதுக்கு முன்னாடி உங்கள்ட்ட நானே சொல்லிடணும்னு தோணித்து. உங்க பேர் அதுல இல்லை."

ஆறுமுகத்தாய்க்குச் சட்டென்று புரியவில்லை. "எந்த லிஸ்ட்டுல மேடம்?"

"பெர்மனென்ட் லிஸ்ட். மூணு வருஷத்துல ரெண்டு வருஷம் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நடுவுல ஒரு வருஷம் மட்டும் எரநூத்தி முப்பத்தொண்ணு. ஒம்பது நாள் கொறையறது."

"அந்த வருசம் எனக்கு டெங்கு வந்துதே மேடம். ஒரு மாசம் வாரத்துக்கு ஒரு நாளுதான் எந்திரிச்சு வந்தேன். பொறவு மக பிரசவம். மழையில சயான்ல ரயில் நின்னுபோச்சே, அந்த நாளு..."

"அதெல்லாம் ஆப்சென்ட்தானே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ. எதாவது நாள் வந்து வேலை பண்ணி, ரெஜிஸ்டர்ல விட்டுப்போயிருந்தா லெட்டர் எழுதிக் குடுங்கோ. சனிக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு. நான் செக் பண்ணச் சொல்றேன்."

"அப்ப யாருக்கு மேடம்?"

"சைனப். அவா ஒருத்தர்தான் மூணு வருஷமும் தாண்டியிருக்கா. அந்த வருஷம் எரநூத்தி நாப்பத்திரெண்டு."

ஆறுமுகத்தாய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை இடுப்பு வலியால் அல்ல.

ஒன்பது. அந்த ஒன்பது எங்கே போயிற்றென்று அவளுக்குத் தெரியும்.

லாண்டரிப் பெண்களுக்குக் கைரேகை கிடையாது. சோடாவும் பிளீச்சும் தின்றுவிட்டன. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி முழுவதும் விரல் வைக்கிற மெஷின் மாட்டினார்கள். இவர்கள் கட்டைவிரலை எத்தனை தடவை அழுத்தினாலும் மெஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. அதனால் லாண்டரிக்கு மட்டும் பழைய ரெஜிஸ்டர். காலையில் சூப்பர்வைசர் பெயர் கூப்பிடுவான். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி, உடம்பில் நீல கவுன் மாட்டிய பதினாறு பெண்களில் யாராவது ஒருத்தி "ஹாஜிர்" என்பாள். அவன் டிக் போடுவான். அப்போதிருந்த சூப்பர்வைசர் தலையை எண்ணுவானே தவிர முகத்தைப் பார்க்க மாட்டான்.

அந்த வருஷம்தான் சைனப்பின் புருஷன் காசிமுக்குக் கால் போயிற்று. தோல் பை தைக்கிறவர். சர்க்கரை வியாதி. பாதத்தில் ஆணி குத்தியதைக் கவனிக்காமல் விட்டு, அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒன்பது வாரம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சைனப் தரையில் படுத்துக் காவல் கிடந்தாள். ஏஜென்சியின் சட்டம் ஒன்று: ஒரு முழு வாரம் ஆள் வராவிட்டால் கார்டு காலி. வாசலில் நிற்பவர்களில் ஒருவரை உள்ளே எடுத்துக்கொள்வான்.

யோசனையைச் சொன்னது ஆறுமுகத்தாய்தான். வாரத்தில் ஒரு நாள் அவள் தன் பெயருக்குப் பேசாமல் இருந்துவிடுவாள். சைனப் பெயர் வரும்போது "ஹாஜிர்" என்பாள். அன்றைக்கு ஆறுமுகத்தாய் ஆப்சென்ட், சைனப் பிரசென்ட். ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேருக்குமே லீவு என்பதால் தன் லீவு நாளில் வந்து சைனப்புக்குச் செய்ய வழியில்லை, வேலைநாளில்தான் செய்ய முடியும். வாரத்துக்கு ஒன்று, ஒன்பது வாரம், ஒன்பது நாள். ஒவ்வொரு நாளின் கூலியும் சைனப் கணக்கில் விழுந்ததும் அவள் அதை எடுத்து, பைசா குறையாமல், ஆறுமுகத்தாயின் கையில் கொடுத்துவிட்டாள். கூலி கைக்கு வந்துவிட்டால் நாள் தீர்ந்தது என்று இருவருமே நினைத்தார்கள். ஏஜென்சிக்காரிகள் வேறெப்படி நினைப்பார்கள்? பதினோரு வருஷத்தில் நாளுக்குக் கூலியைத் தவிர வேறொரு மதிப்பு உண்டென்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

"ஆறுமுகத்தாய்? தண்ணி குடிக்கறேளா?"

"வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே சைனப் படிக்கட்டிலேயே காத்திருந்தாள். ஆறுமுகத்தாய் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "என்னக்கா?"

"உனக்குத்தானாம்."

"எனக்கா? விளையாடாதக்கா."

"நான் விளையாடுற மூஞ்சியா இது? போய் ரோலரப் போடு."

அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு தாராவி வரை வந்தார்கள். கோலிக்குப் போய் அரிசியைக் களைந்து வைத்த ஆறுமுகத்தாய் அடுப்பைப் பற்றவைக்காமலே எழுந்தாள். நாலு வீடு தள்ளித்தான் சைனப் வீடு. கதவு திறந்திருந்தது. சைனப் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். காசிம் கட்டிலில், மிச்சக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தோலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை, நூறு துண்டுக்கு நாற்பது ரூபாய்.

"வாங்கக்கா. இவளுக்கு பக்கா நௌக்ரியாமே, பெர்மனென்டு வேலை. எனக்கு ஒண்ணும் ஓடல" என்றார் காசிம். முகமெல்லாம் சந்தோஷம்.

சைனப் திரும்பவில்லை. தோசைக்கல்லைப் பார்த்தபடி கேட்டாள். "உனக்கு எத்தன நாளுக்கா கொறைஞ்சுது?"

"ஒம்பது."

ரொட்டி கருகியது. சைனப் அதை எடுக்கவில்லை. "கூலியக் குடுத்துட்டேன்லாக்கா. கணக்குல விழுந்த அன்னைக்கே குடுத்துட்டேன்லா."

"குடுத்தட்டி. நான் இல்லைங்கல."

"எந்த நாளு? என்ன கூலி?" என்றார் காசிம். அவருக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷனிடம் யாரும் சொல்லவில்லை. ஆறுமுகத்தாய் சொன்னாள், நாலே வாக்கியத்தில். காசிம் கையிலிருந்த ஊசியைக் கட்டில் மேல் வைத்தார்.

"அப்ப அது இவியளுக்கு வரவேண்டிய வேலைல்லா" என்றார் மனைவியைப் பார்த்து.

"ஆமா, இவிய வேலதான்!" சைனப் சட்டென்று திரும்பினாள். "நான் இல்லன்னு சொன்னனா? உங்க இன்சுலின் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு? ஊசி மருந்த மிச்சம் புடிச்சு ரெண்டு நாளைக்கு ஒண்ணப் போடுதேனே, அது தெரியுமா? இன்னொரு காலும் கறுத்துட்டு வருது. பெர்மனென்டுன்னா புருசனுக்கும் வைத்தியம் உண்டு. அத நான் வேண்டாம்னு சொல்லணுமா? சொல்லுங்க, சொல்லிருதேன்."

"நாளைக்குப் போயி வேண்டாம்னு எழுதிக் குடு" என்றார் காசிம்.

"குடுக்கேன்." அவள் ஆறுமுகத்தாயிடம் வந்தாள். மாவுக் கையோடு அவள் கையைப் பிடித்தாள். "நீ சொல்லுக்கா. நீ உன் வாயால சொல்லு, சைனப் வேண்டாம்னு எழுதிக் குடுன்னு. இப்பவே எழுதுதேன். என் வீட்டுக்காரவியளே எழுதுவாவ, நான் கையெழுத்துப் போடுதேன்."

இதைத்தான் ஆறுமுகத்தாய் கேட்க வந்திருந்தாள். வரும் வழியெல்லாம் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அது வாயில் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே, காசிமின் மிச்சக் கால் தரையில் ஊன்றியிருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"நான் மேடத்துகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள். "ரொட்டி கருகுது. எடு."

மூன்றாம் நாள் சனிக்கிழமை, ஆபீஸுக்கு அரை நாள். சாப்பாட்டு நேரத்தில் மேலே போனாள். வந்தனா டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் மூடி வைத்தாள்.

"லெட்டர் கொண்டுவந்தேளா?"

"இல்ல மேடம். ஒரு சந்தேகம். ஒருத்தி..." அவள் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒருத்தி வேலைக்கு வந்திருக்கா. ஆனா அன்னைக்கு அவ பேருக்கு டிக் விழல. இன்னொருத்தி பேருக்கு விழுந்திருக்கு. அவளே சொல்லித்தான் விழுந்துது. அப்படி இருந்தா..."

வந்தனா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்ப வந்து உட்காரவில்லை. "ஆறுமுகத்தாய், நீங்க இப்ப சொன்னது என் காதுல விழலை."

"நான் இன்னும் முழுசா சொல்லலியே மேடம்."

"முழுசா சொல்லாதேங்கோ. சொன்னேள்னா நான் எழுதணும். எழுதினா அது போர்ஜரி. ரெண்டு பேர் கார்டும் அன்னிக்கே கட். அப்பறம் இந்த ஏரியால எந்த ஆஸ்பத்திரியிலயும் உள்ள விடமாட்டா. உங்களையும்தான். வேலை பண்ணினது நீங்கதான்னு சொன்னாலும் ஒம்பது நாள் உங்களுக்கு வராது. பொய்யா குடுத்த அட்டெண்டன்ஸ் யாருக்கும் சேராது."

"சரி மேடம். அந்தப் பேச்ச விடுங்க. சைனப் தனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தா?"

"குடுத்தா?"

"எனக்கு வருமா?"

வந்தனா தலையை ஆட்டினாள். "வராது. எரநூத்தி நாப்பது இல்லாதவாளுக்குக் குடுக்க முடியாது. போஸ்ட் திரும்பி ட்ரஸ்டுக்குப் போயிடும். அவா வெளியிலேர்ந்து யாரையாவது போடுவா. ட்ரஸ்டியோட டிரைவருக்கு ஒரு மச்சினன் இருக்கான்னு ஏற்கெனவே போன் வந்தாச்சு." பிறகு, குரல் இறங்கி, "பதினோரு வருஷம் நீங்க வேலை பண்ணினது எனக்குத் தெரியும். என்னால ஒண்ணும் பண்ண முடியலை" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன மேடம்" என்றாள் ஆறுமுகத்தாய். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியலியே. நீங்க சாப்பிடுங்க."

அவள் இறங்கி வந்தபோது சைனப் ரோலர் பக்கத்தில், கைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். அந்த மூன்று நாளில் அவள் முகமும் ஒட்டிப்போயிருந்தது. மற்ற பெண்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

"நீ சேந்துக்கோ" என்றாள் ஆறுமுகத்தாய்.

"அக்கா..."

"நீ வேண்டாம்னாலும் எனக்குக் கிடையாதாம். எவனோ டிரைவர் மச்சினனுக்குப் போகுமாம். அதுக்கு நீயே இரு."

சைனப் மூச்சு விட்டாள். நீளமான மூச்சு, மூன்று நாளாக அடைத்து வைத்திருந்தது. அந்த மூச்சை மட்டும் ஆறுமுகத்தாயால் பொறுக்க முடியவில்லை. அழுதிருந்தாலும் பொறுத்திருப்பாள், சண்டை போட்டிருந்தாலும் பொறுத்திருப்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷின் கதவைத் திறந்தாள். அடுத்த சுமை உள்ளே முறுக்கிக்கொண்டு கிடந்தது. இழுத்தாள்.

ஒன்றாம் தேதி சைனப்புக்குப் பச்சை நிற யூனிபார்ம் வந்தது. பெயர் எழுதிய பூட்டு அலமாரி வந்தது. சாப்பாடு இரண்டாவது மாடி ஸ்டாஃப் கேன்டீனில். முதல் வாரம் அவள் அங்கே போகாமல் கீழேயே வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். மகேஷ்குமார் பார்த்துவிட்டு, பெர்மனென்ட் ஆட்கள் ஏஜென்சி ஆட்களோடு உட்காரக் கூடாது, மேலே கேட்பார்கள் என்றான். அதற்குப் பிறகு மேலே போனாள். காசிமுக்கு டாக்டரிடம் சீட்டு வாங்கியாயிற்று, காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள் என்று ஒருத்தி வந்து சொன்னாள். "நல்லது" என்றாள் ஆறுமுகத்தாய். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் சைனப் வீட்டைத் தாண்டாமல் வேறு சந்து வழியாகப் போனாள்.

பதினைந்தாம் தேதி அவளுடைய பதினோரு மாதம் முடிந்தது. சாயங்காலம் மகேஷ்குமாரிடம் கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றான். வழக்கமாக அவன், "ஆ ஜானா மவுஷி", வந்துவிடு என்பான். இந்தத் தடவை, "போன் கரூங்கா, முதுகு எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டு" என்று அரை ஹிந்தியும் அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழுமாகச் சொன்னான். வாசலில் வேலை கேட்டு நிற்கும் சின்னப் பெண்களை அவன் பார்த்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் சைனப் காத்துக்கொண்டிருந்தாள். பச்சை யூனிபார்மின் மேல் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பக்கத்தில் வந்து, ஒரு கவரை ஆறுமுகத்தாயின் கைப்பைக்குள் திணிக்கப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"அட்வான்ஸ் வாங்கினேன்க்கா. பிரேக்குக்கு. ஒரு மாசத்துக்கு வச்சிக்கோ. எங்க வீட்டுல அவியதான் குடுக்கச் சொன்னாவ. எனக்கும் குடுக்கணும்னுதான்."

ஆறுமுகத்தாய் கவரைத் திரும்ப அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். "பணக் கணக்கு நமக்குள்ள அன்னைக்கே தீந்துபோச்சு. நீ ஒரு பைசா தர வேண்டாம்."

"அப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுக்கா. எதுனாலும் செய்யுதேன்."

"நீ எங்கிட்ட வாங்கினது நாளு. நாளாத் தா."

"நாள எங்கனருந்துக்கா தருவேன்?"

"அது எனக்கும் தெரியல. ஆனா வாங்கினேல்லா? அத மறந்துராத."

பஸ் வந்தது. கூட்டம். ஆறுமுகத்தாய் முன்வாசலில் ஏறினாள், சைனப் பின்வாசலில். இடையில் ஐம்பது பேர் நின்றார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் ஆறுமுகத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சைனப் ஆறுமுகத்தாய்க்கு ஒன்பது நாள் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.